வாளிப் பருப்பு

பருப்பு ஆக்குவதில் எங்கள் சொந்தத்துக்குள் பேர் போனவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மாத்தளையில் இருந்து வரும் என் நாத்தனார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்குப் பருப்பு உண்டா என்றுதான் கேட்பாள். கோயிலில் அன்னதானம் என்றால் காய் வெட்ட, சோறு வடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் மட்டும் என்னைத்தான் நிற்க வைப்பார்கள். அப்படிப்பட்ட என்னிடம், என் சொந்த மருமகள், எனக்கு இந்தப் பருப்பு வேண்டாம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பருப்புதான் வேண்டும் என்று சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் அன்றைக்கு நான் முகத்தைச் சுளிக்கவில்லை. சுளிக்கிற நிலைமையில் வீடு இல்லை.

மருமகளுக்கு அப்போது மூன்றாம் மாதம் முடிகிற சமயம். வாந்தி என்றால் அப்படியொரு வாந்தி. காலையில் எழுந்ததும் தொடங்கும், பச்சைத் தண்ணீர்கூட நிற்காது. குக்கர் விசில் அடித்தால் ஓடுவாள். வெங்காயம் வதங்கும் வாசம் வந்தால் ஓடுவாள். கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. கீழே ரோட்டில் யாராவது கருவாடு பொரித்தால் அந்த வாசம்கூட ஏறி வந்து இவளைத் தேடிப் பிடிக்கும். கண்டியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவள், வேலையை விட்டுவிட்டு ஜன்னல் ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய், வளையல் எல்லாம் முழங்கை வரைக்கும் இறங்கி ஏறியது.

வாந்தி எல்லோருக்கும் வருவதுதான். என் மகன் வயிற்றில் இருக்கும்போது நானும் ஓடியவள்தான். ஆனால் போன வருஷம் இவளுக்கு ஒன்று தங்கி, தங்கிய வேகத்தில் கலைந்து போயிருந்தது. அதனால் இந்த முறை அவள் ஒவ்வொரு தடவை பாத்ரூமுக்குள் ஓடும்போதும் நான் கதவுக்கு வெளியே போய் நின்றேன். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் நிறுத்துப் பார்த்துவிட்டு, நிறை இறங்கிக்கொண்டே போகிறது, அடுத்த கிளினிக்குக்கும் இப்படியே வந்தால் பெரியாஸ்பத்திரியில் வார்டில் வைத்து சேலைன் ஏற்ற வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். இவள் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழும்பவில்லை.

அவளுக்கு அம்மா பக்கத்தில் இல்லை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. இவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போனவர், இடையில் வந்து வந்து போயிருக்கிறார். அப்பா த்ரீவீல் ஓட்டுகிறார், நல்ல மனிதர், மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்து மகளைப் பார்த்துவிட்டு, என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றுவிட்டுப் போவார். ஆகவே இவளைப் பார்த்துக்கொள்வது முழுக்க என் தலையில். அதில் எனக்குக் குறை இல்லை. என் கையால் எதுவும் இறங்கவில்லையே என்பதுதான் குறை.

ஒருநாள் மத்தியானம் என் மகன் அவள் காலடியில் உட்கார்ந்து, என்னதான் சாப்பிடத் தோன்றுகிறது, சொல்லேன், எங்கே இருந்தாலும் கொண்டு வருகிறேன் என்று கேட்டான். பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த களைப்பு அவன் முகத்தில். அவள் நெடுநேரம் யோசித்தாள்.

"சின்னப் பள்ளிக்கூடத்துல மத்தியானம் சோறு குடுப்பாங்கல்ல. அந்தப் பருப்பு," என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவன் என்னைப் பார்த்தான். நான் உடனே புறப்பட்டுவிட்டேன். பருப்புதானே, இதற்கா இத்தனை நாள் பட்டினி கிடந்தாய் என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தேன். நல்ல மைசூர்ப் பருப்பு, தக்காளி, சீரகம், பூண்டு, கடைசியில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டினேன். கொட்டின சத்தத்துக்கே அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து, அத்தை கோபித்துக்கொள்ளாதீங்க, இது வாசமான பருப்பு, அது இப்படி இருக்காது என்றாள். வாசம் இல்லாமல் பருப்பு ஆக்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அது எப்படித்தான் இருக்கும் என்று குடைந்து குடைந்து கேட்டேன். பிள்ளைகள் அதை வாளிப் பருப்பு என்றுதான் சொல்வார்களாம். மூடி போட்ட அலுமினிய வாளியில் வருமாம். ரொம்பத் தண்ணீரும் இல்லையாம், கெட்டியும் இல்லையாம். மஞ்சளாக இருக்குமாம், சில நாள் கொஞ்சம் வெள்ளையாகவும் இருக்குமாம். காரம் இருக்குமாம், ஆனால் காரம் என்று சொல்ல முடியாதாம். இவ்வளவு அடையாளத்தை வைத்துக்கொண்டு பொலிஸ்காரன்கூட யாரையும் பிடிக்க முடியாது.

அடுத்த நாள் தாளிப்பே இல்லாமல், உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி அவித்துக் கொடுத்தேன். இரண்டு வாய் வைத்தாள். எனக்காக வைத்தாள் என்று தெரிந்தது. பிறகு அதுவும் வெளியே வந்தது. இப்படித் தோற்றுப்போன பருப்பு எல்லாம் என் வீட்டுக்காரர் தலையில்தான் விழுந்தது. மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் ரொட்டிக்குப் பருப்பு, மத்தியானம் சோற்றுக்குப் பருப்பு, ராத்திரி பேக்கரிப் பாணுக்குப் பருப்பு. இன்னும் ரெண்டு நாள் போனால் என் நெற்றியில் பருப்பு முளைத்துவிடும் என்று அவர் சொன்னதற்கு, மருமகள் பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பெரிய பானையில், விறகில் ஆக்கியிருப்பார்கள், அந்தப் புகைதான் நம் வீட்டில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அன்னதானத்தில் நின்றவளுக்கு இது தெரியாமல் போகுமா? பின்பக்கம் மூன்று கல்லை வைத்து, நனைந்த விறகோடு போராடி, பத்துப் பேருக்குக் காணும் சட்டியில் பருப்பை ஏற்றினேன். முந்தின ராத்திரி மழை. புகை மேலே போகாமல் பக்கவாட்டில் ஊர்ந்து, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டில் இருப்பவரை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் ஆட்கள் இங்கே மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் சொல்வார்கள். அவர் என்னைவிட மூத்தவர், கண்டியில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், இந்தப் பக்கம் வீடு கட்டி வந்து கொஞ்ச காலம்தான். நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், தீபாவளிக்கு முறுக்கு போகும், மற்றபடி வேலியோடு சரி. தொழுகைக்கு உடுத்தும் துணி முழுக்கப் புகை மணக்கிறது என்றால் யாருக்கும் கோபம் வரும். அவர் வேலிக்கு வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, எனத்தியன் தங்கச்சி இது, என்ன விசேஷம், கல்யாணமா என்று கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். வாந்தி, கிளினிக், பள்ளிக்கூடப் பருப்பு எல்லாவற்றையும். வாளிப் பருப்பு என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னேன். அவருடைய கடைசி மகள் படித்ததும் அதே பள்ளிக்கூடம்தானாம், என் மருமகளுக்கு ஓரிரு வகுப்புக் கீழே. அந்த நாளில் அவர்கள் அந்தப் பக்கம்தான் குடியிருந்தார்களாம்.

பிறகு அவர் சொன்னது எனக்குப் புதுக் கதை. அந்தப் பருப்பு பள்ளிக்கூடத்தில் ஆக்கினதே இல்லையாம். சோறு மட்டும்தான் அங்கே வடிப்பார்கள். கறி, தாய்மார் வீட்டில் இருந்து முறை வைத்து அனுப்புவது. ஒரு நாளைக்கு மூன்று வீடு. தொடக்கத்தில் மூன்று சட்டியும் தனித்தனியாக வரிசையில் இருந்திருக்கிறது. பிள்ளைகள் சும்மா இருக்குமா? இன்றைக்கு யாருடைய அம்மா, யாருடைய உம்மா என்று பார்த்து, ருசியான சட்டிக்கு முன்னால் போய் அடிபட்டு நின்றிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு பிள்ளையின் வீட்டுச் சட்டி தொடாமல் அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதிருக்கிறாள். மறுநாள் அவளுடைய தாய் அந்தச் சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, என் பருப்பில் என்ன குறை என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பொறுப்பான டீச்சர் அன்றோடு ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று வீட்டுப் பருப்பையும் பின்னறையில் வைத்து ஒரே வாளியில் ஊற்றி, கலக்கி, மூடிபோட்டுத்தான் வெளியே கொண்டுவருவார். யார் வீட்டுப் பருப்பு என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

"தங்கச்சி, நீங்க எத்தின தரம் ஆக்கினாலும் ஒரு கைதானே. அந்தப் புள்ள கேக்குறது மூணு கைட பருப்பு," என்றார் தாத்தா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று வீட்டுப் பருப்பைக் கலந்தால் கழனித் தண்ணீர்தான் வரும் என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவரோ அதற்குள் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். அவருடைய முறையில் சேர்ந்திருந்த மற்ற இரண்டு வீட்டில் ஒன்று எங்கள் ஆட்கள் வீடு, அவர்கள் கொழும்போடு போய்விட்டார்கள். மற்றது வங்கியில் வேலைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த அம்மா இப்போது குண்டசாலைப் பக்கம் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் இருக்கிறார் என்று சொல்லி, புகைக்கு நடுவிலேயே போனை எடுத்தார்.

அந்த யாழ்ப்பாணத்து அம்மாவை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் கேட்டது. தாத்தா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், ஓம் ஓம் ஞாபகம் இருக்கு என்று சிரித்தார். உள்ளியும் பெருஞ்சீரகமும் தட்டிப் போட்டு விடுறனான் என்று, அன்று போட்ட சாமானைக்கூடச் சொன்னார். உள்ளி என்றால் நாங்கள் சொல்லும் பூண்டு. உங்களுக்குச் சிரமம் என்று நான் இழுத்ததும் அந்தக் குரல் கொஞ்சம் கண்டிப்பானது.

"பிள்ளைத்தாச்சிக்குத்தானே கேக்கிறியள்? இதுக்கு என்ன சிரமம். நாளைக்குக் காலமை ஆளை அனுப்புங்கோ, தாறன்."

அனுப்ப ஆள் இருந்தது. என் மகன் பல்லேகலயில் இரவு வேலை முடிந்து வருகிற வழிதான் குண்டசாலை. மறுநாள் காலையில் அவன் டிபன் கரியரை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி விழுந்து, தூங்கி விழுந்து, இரண்டு பஸ் மாறி வந்தான். கரியர் ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தது. தன் சாப்பாட்டுப் பையை மட்டும் முதல் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

என் பங்கை நான் எங்கள் வீட்டில் ஆக்கவில்லை. தாளிப்பு வாசத்துக்கு அவள் ஓடக்கூடாது என்று தாத்தா வீட்டு அடுப்பில் போய் ஆக்கினேன். பக்கத்து அடுப்பில் அவர் தன் பருப்பை ஆக்கினார். ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டு, தேங்காய்ப்பால் தாராளமாக விட்டு, பொரித்த வெங்காயம் தூவி. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மாசிக் கருவாடு போடவில்லை. உங்கள் வீட்டில் மாசி இல்லாமல் பருப்பா என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு எண்டா போடுவேன். ஸ்கூலுக்கு ஒரு நாளும் போட்டது இல்ல. ஒங்கட புள்ளைகளும் தின்ற வாளிதானே," என்றார், கரண்டியில் இருந்து கண்ணை எடுக்காமல்.

என் பருப்பில் உப்பு பார்ப்பது போல் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன்.

வாளிக்கு எங்கே போவது? எங்களிடம் பந்தியில் சாம்பார் ஊற்றும் எவர்சில்வர் வாளி இருந்தது, அது போதும் என்றார் தாத்தா. என்னுடையது பொன் நிறத்தில் கெட்டியாக, அவருடையது வெள்ளையாகத் தளதளவென்று, கரியரில் வந்தது கொஞ்சம் கருமை தட்டி. மூன்றையும் ஊற்றிக் கலக்கும்போது எனக்கு மனசே இல்லை. அருமையாக வந்திருந்த என் பருப்பு என் கண் முன்னால் காணாமல் போனது. ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தேன். என் ருசியும் இல்லை, அவர் ருசியும் இல்லை. முதலில் ஒன்றும் தெரியாமல், பிறகு எங்கிருந்தோ ஒரு காரம், அதை அணைக்கிற மாதிரி ஒரு தேங்காய்ப்பால். உள்ளதைச் சொன்னால், அவ்வளவு விசேஷமாக ஒன்றும் இல்லை. தாத்தாவும் தொட்டுப் பார்த்தார். ஆ, இதுதான், இதேதான் என்று மூடியை வைத்தார். சூடாகக் கொடுக்காதீங்க, பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடிக்கும்போது அது ஆறிப்போய்த்தான் இருக்கும் என்றும், கலந்தது என்று இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், யோசித்தால் குமட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் வரைக்கும் வாளி எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. எனக்கு வேலை ஓடவில்லை. இதுவும் இறங்காவிட்டால் அடுத்தது ஆஸ்பத்திரி என்பதைத் தவிர வேறு நினைவே இல்லை. போன வருஷம் அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த அந்தப் பகல் திரும்பத் திரும்ப வந்தது. நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன், ஆனால் பருப்புக்காக வேண்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு தட்டில் கொஞ்சம் சோறு போட்டு, அதன்மேல் பருப்பை ஊற்றி, ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் வாந்தி எடுக்கும் பேசினையும் வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அவள் தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் பேசினைப் பார்த்தேன். அவள் ஒரு வாய் பிசைந்து வைத்தாள். மென்றாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆச்சரியம் இருந்தது. குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் இருக்கா அத்தை என்று கேட்டாள்.

ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சத்தம் வராமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். எல்லாம் திரும்பி வெளியே வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவள் கதிரையிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்காரர் மிச்சப் பருப்பை எடுக்க வந்தவர், வேண்டாம், அதைத் தொடாதீங்க என்று நான் போட்ட அதட்டலில் திகைத்துப்போய், அப்பாடா என்று திரும்பிப் போனார்.

அவள் வயிறு எதற்காக ஒத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டதற்கு, வீட்டுக்குள்ளே தாளிக்காததால் இருக்கலாம், ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு, நாலாம் மாதம் பிறந்தால் வாந்தி தானாகவும் குறையும் என்றார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நான் மூன்று கையையும் நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்து அம்மாவின் கரியர் வாரத்தில் பல நாள் வந்தது. தாத்தா வீட்டு அடுப்பில் ஒன்று எனக்கென்றே ஆகிவிட்டது. சில நாள் அந்தப் பருப்பும் இறங்காமல் போனதுண்டு, அன்றைக்கெல்லாம் வீடு மறுபடி பேச்சு மூச்சில்லாமல் இருக்கும். மறுநாள் இறங்கும். மெல்ல மெல்லப் பருப்போடு ஒரு முட்டை, பிறகு வல்லாரைச் சம்பல், ஒருநாள் தானாகவே கேட்டு சோயாமீட். இந்தச் சோயாமீட்டை எப்படித்தான் மனிதர் தின்கிறார்களோ, அது வேறு கதை.

கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். தராசில் அவள் ஏறும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நிறை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை, நின்றுவிட்டது, ஆஸ்பத்திரி தேவைப்படாது, இப்படியே சாப்பிடட்டும் என்றார் மிட்வைஃப் மிஸ். வயிற்றில் ஒரு கருவியை வைத்து, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பையும் எங்களுக்குக் கேட்க வைத்தார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் கொஞ்ச நேரம் வலித்தது.

அன்று மத்தியானம் தாத்தாவையும் சாப்பிடக் கூப்பிட்டேன். இனிமேல் மறைப்பானேன் என்று, அவள் தட்டில் கை வைக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். இது என் பருப்பு இல்லை, மூன்று வீட்டுப் பருப்பு, உன் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்று. குமட்டுமோ என்று பயந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

தெரியும் அத்தை என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. பிள்ளைகளுக்குத்தான் காட்டமாட்டார்களே என்றார் தாத்தா. எல்லாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னாள். அவளுடைய அம்மா குவைத்துக்குப் போன பிறகு அவர்கள் வீட்டில் கறி ஆக்க ஆள் இல்லை. அப்பா கடையில் பாண் வாங்கி வருவார். முறை வரும் நாளில் மற்றப் பிள்ளைகள் சட்டியோடு வருவார்கள், இவள் வெறுங்கையோடு வருவாள். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. இவள் முறை வரும் நாளிலெல்லாம் இவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, கரண்டியைக் கையில் கொடுத்து, நீ கலக்கு என்பாராம். மூன்றாவது சட்டி இல்லாத குறையை டீச்சர் தன் வீட்டில் இருந்து கொண்டுவந்த பருப்பால் நிரப்புவாராம். வாளியின் ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் இவள் பிடித்துத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார்களாம். அதனால் மற்றப் பிள்ளைகள் இவள் வீட்டிலும் பருப்பு அனுப்பினார்கள் என்றுதான் நினைத்தார்களாம்.

"நான் யாருக்கும் சொல்லல. ஆனா எங்க வீட்டுப் பருப்பு மட்டும் ஒரு நாளும் அதுல இருந்தது இல்ல," என்றாள்.

தாத்தா தன் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். குவைத்தில் இருக்கும் அந்தத் தாயை நினைத்தேன். எந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஆக்கிப் போட்டுக்கொண்டு, தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன சாப்பிட்டாள் என்று தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது அவருக்கு. அவர் மேல் எனக்கு இருந்த ஒரு சின்ன மனத்தாங்கல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

மருமகள் மறுபடி சோற்றில் கை வைத்தாள். இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"இது பள்ளிக்கூடம் போறப்ப, நம்ம வீட்டுல இருந்து அனுப்புவோம்ல அத்தை?"

போன வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அடுத்த கிளினிக்குக்கு அப்பால் ஒரு நாளைப் பற்றிப் பேசியதில்லை. நானே பேசியதில்லை, நினைக்கவே பயந்தவள். இவள் ஒரே பேச்சில் அந்தப் பிள்ளையைப் பெற்று, வளர்த்து, வெள்ளைச் சட்டை போட்டு வகுப்பில் உட்கார வைத்துவிட்டாள்.

அனுப்புவோம் புள்ள என்றேன். அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.